மணிக்கு முளைக்காத விதை

மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து எனக்கும் பனிமூட்டத்துக்கும் ஒத்துப்போனதில்லை. நான் கள்ளக்குறிச்சி வெயிலில் காய்ந்து வளர்ந்தவன். கரியாலூர்ப் பக்கத்து எங்கள் பள்ளியிலோ, கார்த்திகை வந்தால் பனி யாரையும் கேட்காமல் ஜன்னல் வழியே வகுப்புக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கரும்பலகை இருக்கும், எழுதியது இருக்காது. பின்வரிசையில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், இருமல் மட்டும் கேட்கும்.

அன்றைக்குப் பாடம் விதை. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில். சத்துணவு சமைக்கும் அக்காவிடம் காலி அரிசிக் கோணிகளை வாங்கிக்கொண்டேன்.

“இன்னா சார், கோணிய வச்சிக்கினு பாடமா? மளிகக் கட போடறீங்களோன்னு பாத்தேன்” என்றார் அவர்.

பிள்ளைகள்தான் விதை, கோணிதான் மண். நான், உடம்புக்குப் பொருத்தமாக, மேகம். “மழை பெய்யற வரைக்கும் யாரும் அசையக்கூடாது” என்று சட்டம் போட்டேன். எல்லோரும் கோணிக்கடியில் சுருண்டு படுத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். வகுப்பு அமைதியாகிவிட்டது. “சார், இவன் கிள்றான்” இல்லை. “சார், ஒண்ணுக்கு” இல்லை. கோணிகள் மெல்ல ஏறி இறங்கின. பனி அவற்றின்மேல் தவழ்ந்தது. உழுதுபோட்ட கொல்லை ஒன்று தூக்கத்தில் மூச்சுவிடுவது போலிருந்தது. மேகம் பெய்வதை மறந்து ஜன்னலோரம் நின்றுவிட்டது. கொஞ்சம் கண்ணும் சொருகியது.

சாப்பாட்டு மணி அடித்தது. விதைகள் ஒரே பாய்ச்சலில் முளைத்து, செடியாகி, மரமாகி, சமையலறைக்கு ஓடின. மேகமும் சாம்பார் வாசனைப் பக்கம் நகர்ந்தது.

வரிசையில் ஒரு தட்டுக்கு மட்டும் ஆளில்லை. ஓரம் நசுங்கிய தட்டு. ஒன்றாம் வகுப்பில் அதிகம் வாய் திறக்காத சின்னப் பெண்ணுடையது.

பள்ளிக்குப் பின்னால் ஓடை. ஓடை போய் விழுவது அருவியில். பனியில் கொடிக்கம்பமே தெரியவில்லை. மரவள்ளிக் கொல்லைக்கு வேலைக்குப் போயிருக்கும் அவள் அம்மாவிடம் என்ன சொல்வேன்?

கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். ஒரு செருப்பை ஓடைச் சேறு வாங்கிக்கொண்டது. பனிக்குள் குட்டையாக ஓர் உருவம் தெரிய, “அம்மாடி, கெடைச்சிட்டியா!” என்று பாய்ந்து அணைத்தேன். ஆடு. அதற்கும் என்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை.

திரும்பி வந்து, “அவளை யாராச்சும் பாத்தீங்களா?” என்று இரைந்தேன்.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சொன்னாள்: “அவ இன்னும் மொளைக்கல சார்.”

“வாய மூடிக்கினு சாப்புடு!” மறுபடி ஓடத் திரும்பினேன்.

அக்கா கரண்டியை நீட்டி மறித்தார். “சார், அது இன்னா சொல்லுதுன்னு மொதல்ல காதுல வாங்குங்க சார். ஊர கூட்டிடுவீங்க போல.”

வகுப்பு மூலையில், மற்றவர்கள் உதறிப்போட்ட கோணிகளுக்கு நடுவில், ஒன்று மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கினேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். தலையெல்லாம் சணல் தூசு. அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

“மணி அடிச்சிதே கண்ணு, எழுந்து வரக்கூடாதா?”

“மணி அடிச்சா மொளைக்குமா சார்?” கண் திறக்காமலே கேட்டாள். “எங்க கொல்லையில மழ வந்தாதான் மொளைக்கும்.” கோணியை என் கையிலிருந்து பிடுங்கி மறுபடி போர்த்திக்கொண்டாள்.

அவளுடைய தட்டை எடுத்துவரச் சொல்லி, கவிழ்த்து, விரல் நுனியால் தட்டினேன். ஒரு துளி. இன்னொரு துளி. வாசலில் எட்டிப்பார்த்த பிள்ளைகள் தங்கள் தட்டுகளோடு உள்ளே வந்தார்கள். தூறல் சாரலாகி, சாரல் பெருமழையானது. அக்காவும் கரண்டியால் கதவில் இடித்தார்.

கோணிக்கு வெளியே ஒரு விரல் நீண்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

சாமை முளைக்கும் வேகத்தில்தான் முளைத்தாள். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. ஒற்றைச் செருப்போடு மேகம் பெய்துகொண்டே இருந்தது.