தீம் பார்க்கில் காஸ்ட்யூம் கொடுத்த நாட்கள்

குளோரின் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் பசிக்கும்.

ஏழாம் வகுப்பில் ஸ்கூல் டூர் போனதுதான் காரணம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் ஒரு தீம் பார்க். வேவ் பூலில் ஆடித் தீர்த்துவிட்டு, விரல் நுனியெல்லாம் சுருங்கி, பல் தந்தியடிக்க, ஈரத் தலையோடு உட்கார்ந்து சாப்பிட்ட புளிச்சோறும் உருளைக்கிழங்கும்... அப்படி ஒரு ருசியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கடலைப் பார்க்காத பிள்ளைகள் நாங்கள். சங்கு ஊதும், செத்த நேரத்தில் அலை வரும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. வந்தது, அவ்வளவுதான்.

பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, அதே பார்க்கில் பெண்களுக்கு நீச்சல் காஸ்ட்யூம் வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டருக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்பா ஸ்கூல் வாத்தியார். பேங்க் பரீட்சைக்குப் படி என்றார். அண்ணன் மட்டும் வேறு மாதிரி சொன்னான்.

"பிடிச்ச எடத்துக்கு வேலைக்குப் போகாதடி. கொஞ்ச நாள்ல அந்த எடமே பிடிக்காமப் போயிரும்."

நான் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணன் சொன்னது நாலே மாதத்தில் பலித்தது.

குகைக்குள் இருந்த பாறை வெறும் ஃபைபர். தட்டினால் டப்பா மாதிரி சத்தம் வரும். யானைத் தும்பிக்கையிலிருந்து கொட்டும் தண்ணீரைத் திறக்க, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருப்பது போலவே ஒரு வால்வு. அலை? சுவருக்குப் பின்னால் ராட்சச ஃபேன்கள் காற்றை அடிக்க, அதில் புரண்டு வருவது. அதைப் போட்டுவிடுபவர் முருகேசன் அண்ணன். ஒரு கையில் டீ, மறுகையில் சுவிட்ச்.

என் வேலை, நைலான் காஸ்ட்யூமைக் கொடுப்பது, ஈரமாகத் திரும்பி வருவதை வாங்குவது, லாஸ்டிக் போனதைப் பிரித்துப் போடுவது. ஆளைப் பார்த்ததுமே சைஸ் சொல்லிவிடுவேன். அதை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. எல்லோருக்கும் ஒரு சைஸ் சின்னதுதான் வேண்டும். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மாற்றிக்கொண்டு போவார்கள். தண்ணீரில் தொலைந்து கிடைக்கும் சாமான்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தோம். ஒருநாள் அதில் ஒரு பல் செட் கிடந்தது. தேடி யாரும் வரவில்லை.

குளோரினுக்கு வந்த பசிகூட அந்த மாதங்களில் நின்றுபோனது.

கவுண்டரில் என்னோடு இருந்த சாந்தா அக்காவிடம், இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். எத்தனை பேர் இதைச் சொல்லிக் கேட்டிருப்பாரோ... டவலை மடித்துக்கொண்டே சரி என்றார்.

அந்த வாரம்தான் சேவுகம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. பூப்பறிக்கப் போகிற பெண்கள், பதினாலு பேர். வெட்கப்பட்டு, சிரித்து, ஒருவரையொருவர் தள்ளி, கடைசியில் பதிமூன்று பேர் காஸ்ட்யூம் மாற்றிக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஒருவர் மட்டும் எல்லாப் பைகளையும் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பேச்சியம்மா அக்கா. ஐம்பது வயதிருக்கும்.

பைகளை லாக்கரில் வைக்கலாம் என்றேன். வேண்டாம் என்றார். முழுக்கை வைத்து, முட்டிக்குக் கீழே வருகிற காஸ்ட்யூம் ஒன்றை எடுத்துக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். சின்ன வயதில் கிணற்றில் விழுந்து, கயிறு போட்டு எடுத்தார்களாம். அன்றிலிருந்து முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லையாம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"நீ தெனமும் இதுல குளிப்பியா தாயி?"

"இல்லக்கா."

"ஏன்? உனக்கும் பயமா?"

அலுத்துப்போச்சு என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் வந்தால் நானும் வருகிறேன் என்று உளறிவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அந்த முழுக்கைக் காஸ்ட்யூமைக் கேட்டார்.

வேலை நேரத்தில் ஸ்டாஃப் தண்ணீரில் இறங்கக் கூடாது. சாந்தா அக்கா பைகளைக் கவுண்டருக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு, சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருக்கிறார், ஓடு என்றார்.

வேவ் பூலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றோம். அவர் பிடித்த பிடியில் என் வளையல் மணிக்கட்டில் அழுந்தியது. சங்கு ஊதியது.

ஃபேன் வேகம் எடுக்க எவ்வளவு நேரமாகும், எத்தனையாவது அலை பெரிது... எனக்கு அத்தனையும் தெரியும். எதெல்லாம் தெரிந்துபோய் எனக்கு அந்த இடம் சப்பென்று ஆனதோ, அதையே அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "இப்ப வரும்க்கா. சின்னதுதான், தொடையத் தாண்டாது. அடுத்தது இடுப்புக்கு வரும். நான் பிடிச்சிருக்கேன்."

நாலாவது அலையில் என் கையை விட்டுவிட்டார்.

பயத்தில் இல்லை. இரண்டு கையாலும் தண்ணீரை அடிப்பதற்காக! கொண்டை அவிழ்ந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே சிரித்தார். அவரோடு வந்த பதிமூன்று பேரும் விழுந்தடித்து ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அலை நின்றதும் என்னைத் தேடினார்.

"மறுக்கா எப்ப விடுவாக?"

அரை மணி நேரத்தில் என்றேன். மறுக்காவும் நின்றோம். சூப்பர்வைசர் வந்து, சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பிடித்துவிட்டார். நல்ல டோஸ். அதை வாங்கிக்கொண்டு போய், சாந்தா அக்கா டிபன் பாக்ஸில் இருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

மாதக் கடைசியில் வேலையை விடவில்லை. கல்யாணம் ஆகும்வரை, இன்னும் இரண்டு வருஷம் அங்கேதான்.

அண்ணன் சொன்னது பொய் என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டு வயதில் எங்கிருந்தோ வந்த அந்த அலை எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதில் லேசாக ஒரு வருத்தம் உண்டு.

இப்போது திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பார்க்குக்குப் போனேன். இப்போது டிக்கெட்டுக்குப் பதில் கையில் பட்டை கட்டி ஸ்கேன் செய்கிறார்கள். காஸ்ட்யூம் வாடகைக்கு இல்லை, பாக்கெட்டில் புதிதாகவே விற்கிறார்கள். கவுண்டரில் இருந்த பெண் போனைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். பாவம், சேர்ந்து எத்தனை மாதமோ.

வேவ் பூலில் சங்குக்குப் பதில் இப்போது மியூசிக். அது ஒலித்ததும் மொத்தக் கூட்டமும் சுவர்ப் பக்கம் திரும்பியது. எனக்குப் பக்கத்தில் ஒரு புதுப்பெண், புருஷன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை இறுக்கி மூடி, மறு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள் என் கையை இழுத்தாள்.

"அலை அங்கிட்டு வருதும்மா. நீ எங்கிட்டுப் பாக்குற?"