வருஷந்தோறும் வளர்ந்த மண் பையன்

பிள்ளைகளா, நேற்று நீங்கள் பள்ளிக்கூடத்துக்காகக் களிமண் குழைத்தபோது எழுந்த ஈரவாசம் என்னை மண்டபம் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது வெறும் சவுக்குத்தோப்பாகக் கிடக்கும் அந்த இடத்தில், இலங்கைச் சண்டைக்குத் தப்பிப் படகில் வந்தவர்களின் ஓலைக்குடிசைகள் என் சின்ன வயதில் வரிசையாக இருந்தன. காற்றடித்தால் ஓலைகள் சரசரக்க, கருவாட்டு வாசமும் அடுப்புப்புகையும் கலந்து வரும் அங்கே, சண்டையில் மகனைத் தொலைத்த ராசையா மாமா அவனைக் களிமண்ணால் செய்து வைத்திருந்தார். மகனுடைய பிறந்தநாள் வந்தால் அதை உடைத்து, புதுமண் சேர்த்து, காலால் மிதித்துக் குழைத்து, இன்னும் கொஞ்சம் உயரமாகச் செய்வார். அவன் என் வயதுக்காரன் என்பதால், பக்கத்துக் குப்பத்துப் பையனான என்னை அருகில் நிறுத்தித்தான் அளவெடுப்பார்.

ஒரு வருஷம் அது தெரிந்து அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"செத்த பிள்ளைக்கு எம்பிள்ளை அளவா? மாதாவே! ஏலே, வா இங்கன!"

"அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது, தங்கச்சி? காணேல்லை, அவ்வளவுதான். வளர்ந்திருப்பானெல்லோ?" என்றார் மாமா.

அம்மா அந்த மண் பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"தோளு இம்புட்டு அகலமா இருக்காதுண்ணே. இந்த வயசுல பயலுக ஒல்லியாத்தான் இருப்பானுக" என்று சொல்லி, ஈரமண்ணைத் தன் விரலால் மெல்ல வழித்தெடுக்க ஆரம்பித்தாள்.