நிலாவரையில் போட்ட தேசிக்காய்

ஊர் சுற்றிக் காட்டுகிறவனுக்கு நல்ல காலும் நல்ல நாக்கும் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னை இந்தத் தொழிலில் இறக்கிவிட்டார்கள். அதில் நாக்குத்தான் முதலில் மாட்டிக்கொள்ளும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. வந்த விருந்தாளிக்குச் சொந்த ஊரைக் காட்டப் போய் விழி பிதுங்கியவர்கள் உங்களில் இருந்தால், சற்று என் பக்கமாக வந்து உட்காருங்கள்.

பள்ளிக்கூட மனேஜரோடு சண்டை பிடித்து வாத்தியார் வேலையை விட்டிருந்தேன். இதுவும் சரிவராவிட்டால் மாமனாரின் புகையிலைத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க வேண்டும். மாமனார் நல்லவர்தான். ஆனால் ஊர் பார்க்க மருமகனைத் துலாவில் ஏற்றிவிட அவருக்கு நெடுநாள் ஆசை. அது மட்டும் நடக்கவே கூடாது என்று உறுதியாக இருந்தேன். மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த பன்னிரண்டு பேருக்கு மூன்று நாள் யாழ்ப்பாணத்தைக் காட்ட வேண்டும். பஸ் முதலாளி ஒரே நிபந்தனைதான் போட்டார். "முதல் நாள் முடிய, நாளைக்கும் வாறம் எண்டு அவை சொல்லவேணும். சொல்லாட்டில் உமக்கும் இஞ்சை வேலையில்லை."

கோட்டைச் சுவர்

கோட்டை வாசலில் குரலை உயர்த்தி, "ஒல்லாந்தர் கட்டின சுவர், அறுபது அடி உயரம்!" என்றேன். நாற்பதோ ஐம்பதோ, எனக்குத் தெரியாது. அறுபது என்றால் கேட்க நன்றாக இருந்தது.

கூட்டத்தில் செல்லப்பா என்று ஒருவர். மலாயாவில் முப்பது வருடம் சர்வேயராகக் காணி அளந்து பென்சன் எடுத்தவர். நேரே சுவரடிக்குப் போனார். குடையை வைத்து ஒரு வரிசைக் கல்லை அளந்தார். பிறகு கழுத்தை நிமிர்த்தி, மேலே எத்தனை வரிசை என்று விரல் மடித்து எண்ணினார். எல்லோரும் என்னை மறந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்ணி முடித்துத் திரும்பி வந்து சொன்னார்: "தம்பி, அதிலை பாதிதான் தேறும். மிச்சம் உம்மடை வாயிலை கட்டினது."

நல்லூரில் ஒரு வாய் தேத்தண்ணி

இனி இலக்கமே சொல்வதில்லை என்று நல்லூர் போகும் வழியில் சபதம் எடுத்தேன். அங்கே இலக்கத்துக்கு வேலையே வரவில்லை. கோயில் வீதியில் சர்வேயரின் மனைவியை ஒரு அம்மாள் மறித்து, "நீங்கள் ஆற்றை ஆக்கள்?" என்று கேட்டாள். நாலு கேள்வியில் சொந்தம் பிடித்துவிட்டாள். ஐந்தாவது கேள்விக்குப் பன்னிரண்டு பேரும் அவள் வீட்டு விறாந்தையில் இருந்தார்கள்.

நேரம் போகிறதே என்று அழைத்துவரப் போன எனக்கும் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கிடைத்தன. ஒரு மணித்தியாலம் கழித்து, முற்றத்து எலுமிச்சை மரத்தில் பறித்த ஒரு பை தேசிக்காயோடு வழியனுப்பினாள். பஸ்ஸில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த றைவர் அந்தோனி, குருநகர்க்காரர், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "வாத்தியார், ஆக்களுக்கு ஊரைக் காட்டலாம். சொந்தக்காறரை மட்டும் காட்டிப்போடாதையும்!"

அடியில்லாக் கிணறு

நிலாவரைக் கிணற்றடியில் சபதம் நினைவிருந்தது. "இதுக்கு அடியே இல்லை" என்று இலக்கமில்லாமல் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். சனி நாக்கில் இருந்தது. "இதுக்குள்ளை ஒரு தேசிக்காயைப் போட்டால் நிலத்துக்குக் கீழாலை போய்க் கீரிமலைக் கேணியிலை மிதக்கும்" என்றேன். ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கதைதானே!

சர்வேயர் பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்தார். பேனாக்கத்தியால் அதில் 'செ' என்று கீறினார். போட்டுப் பார்த்தால் அது மிதந்தது, அசையவில்லை. அதை வாளியில் அள்ளியெடுத்து, நீர்வேலியில் வாங்கிய வாழைக்குலையில் நார் உரித்து, ஒரு கல்லோடு இளக்கமாகக் கட்டினார். கல்லோடு மூழ்கித் தாண்ட பிறகு நார் அவிழுமாம், தேசிக்காய் தன் வழியே போகுமாம். இந்தமுறை அது தாண்டது. கால் மணி நேரம் பார்த்தோம், மேலே வரவில்லை. அவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் குறிக்கும்போது அவருடைய மனைவி பதறினாள். "பாத்துக்கொண்டு நிக்காமல் ஏறுங்கோ பஸ்ஸிலை, அது எங்களுக்கு முந்திப் போய்ச் சேந்திடப் போகுது!"

கீரிமலையில் காவல்

கடலோரத்துக் கேணியைச் சுற்றி ஆண்களையும், தண்ணீர் கடலுக்குப் போகும் வாய்க்காலில் பெண்களையும் சர்வேயர் காவல் வைத்தார். குளிக்க வந்தவர்களும் விஷயம் கேட்டுச் சேர்ந்துகொண்டார்கள். எண்ணெய் முழுகியவர்கள் தேய்த்துப் போட்ட தேசிக்காய்ப் பாதிகள் ஏராளம் மிதந்தன. 'செ' இல்லை. பொழுது சாய்ந்தது. எனக்குத் துலாவும் அதன் கீழே மாமனாரும் கண்ணில் தெரிந்தார்கள்.

அந்தோனி என் காதில், "பையிலை இன்னும் கிடக்கு. ஒண்டிலை 'செ' எண்டு கீறி விட்டிடும், ஆருக்குத் தெரியும்?" என்றார். கை பைக்குள் போனது, மறைக்க மாட்டேன். ஒரு காயைப் பிடித்தும்விட்டேன். காலையில் அந்தச் சுவரடியில் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது. இன்னொரு தரம் அப்படி நிற்பதை விடத் துலாவே மேல். வெறுங்கையோடு சர்வேயரிடம் போனேன். "ஐயா, தேசிக்காய் வந்ததை நான் ஒருநாளும் காணேல்லை. கேள்விப்பட்டதைத்தான் சொன்னனான்."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ கொப்பியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நிலத்துக்குக் கீழே தண்ணீர் நேர்வழியில் ஓடுமா, வளைந்து ஓடுமா, எவ்வளவு வேகம் என்று தனக்குள்ளே முணுமுணுத்தார். கடைசியில் கொப்பியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"அவ்வளவு தூரம் நிலத்துக்குக் கீழாலை வாறதெண்டால் இண்டைக்கு எப்பிடி வந்து சேரும்? நாளைக்குக் காலமை முதல் வேலையாய் எல்லாரையும் இஞ்சை கூட்டிக்கொண்டு வாரும், தம்பி!"

அதன் பிறகு நான் எத்தனையோ கூட்டங்களுக்கு ஊரைக் காட்டிவிட்டேன், மாமனாரும் வேறு ஆளை வைத்துத் துலா மிதிப்பிக்கிறார், என்னைக் கரைசேர்த்த அந்தத் தேசிக்காய் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.