பூட்டு உடையட்டும் என்று ஜெபித்த நாள்

அந்த ஐப்பசியில் கடல் எங்கள் ஊருக்குள் ஏறி வந்த அன்று, என் மனைவி ராகேலும் கைக்குழந்தையும் ஆற்றங்கரை வீட்டில் இருந்தார்கள். நான் பாறசாலையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஊரில் தண்ணீர் ஏறாத இடம் ஒன்றே ஒன்றுதான், நம் ஆலயம் இருக்கிற இந்த மேடு. ஆலயம் பூட்டிக் கிடந்தது. தாக்கோல், அதன் சாவி, என் மடியில் இருந்தது.

சபையாரே, ஆண்டவர் என் குடும்பத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்றின சாட்சியை நான் காட்டாக்கடையிலும் தனுவச்சபுரத்திலும் பனச்சமூட்டிலும் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் அழுதிருக்கிறார்கள். தாக்கோலைப் பற்றி மட்டும் எங்கும் சொன்னதில்லை. நம் ஊரில் இந்தச் சாட்சியைச் சொன்னதே இல்லை. இன்று எழுதிக் கொண்டுவந்து வாசிக்கிறேன். வாயால் சொல்லப் போனால் பழக்கதோஷத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவேன்.

இளையவர்களுக்கு அந்தக் காலம் தெரியாது. மாநிலங்களைப் பிரிப்பதற்கு முந்தைய வருஷங்கள். திருவிதாங்கூரின் தெற்குத் தாலுக்காக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராட்டம் நடந்தது. நெய்யாற்றின்கரை யாருக்கு என்பதே எங்கும் பேச்சு. சாயாக்கடையில் ஒருவன் எந்தப் பாஷையில் சாயா கேட்கிறான் என்று திரும்பிப் பார்ப்போம். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை இந்த ஆலயத்துக்குள் கொண்டுவந்து நான் செய்த காரியம் வேறு.

நம் சபையில் பாதிக் குடும்பங்கள் வீட்டில் தமிழ் பேசும், பாதி மலையாளம் பேசும். இரண்டும் எல்லாருக்கும் வரும். வேதத்தைத் தமிழில் வாசித்து, பாட்டை மலையாளத்தில் பாடிவிட்டு வீட்டுக்குப் போவோம். யாருக்கும் குறை இருந்ததில்லை. பள்ளிக்கூட வாத்தியாரும் படித்தவனுமாகிய நான்தான், ஆராதனை முழுவதும் தமிழில் நடக்க வேண்டும் என்று பிடித்தேன். அந்தப் பக்கத்திலும் பிடிவாதக்காரர்கள் இருந்தார்கள். ஒரு ஞாயிறு இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து இரண்டு பாஷையில் வாசிக்கத் தொடங்க, அது கைகலப்பில் முடிந்தது. மறுநாள் சந்தையில் பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கி வந்து கதவைப் பூட்டினேன். ஒரு தீர்மானம் வரும்வரை யாருக்கும் கிடையாது என்றேன். சபையை நடத்திய உபதேசியார் வயதானவர். என்னைத் தடுக்க அவரால் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து பத்ரோஸ் என் வீட்டுக்கு வந்தார். ஆற்றில் வள்ளம் தள்ளி, தேங்காய் மட்டை ஏற்றிப் பிழைத்தவர். மலையாளக் குடும்பங்களில் மூத்தவர். என்னோடு எப்போதும் தமிழில்தான் பேசுவார்.

"சாறே, தாக்கோலத் தாரும். பெண்டுகளுக்குப் பிரார்த்திக்க ஒரு எடம் வேணும்."

"மொதல்ல எந்தப் பாஷையின்னு தீர்மானியும். பொறவு வாரும்."

"தெய்வத்துக்கு ரெண்டும் தெரியும் சாறே. ஒமக்காக்கும் ஒண்ணு மறந்து போச்சு" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் ஆட்களை என் வீட்டு முற்றத்தில் கூட்டி ஜெபம் நடத்தினேன். அந்தப் பூட்டில் யாரும் கைவைக்காதபடி ஆண்டவர் காத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

அந்த வாரமே பாறசாலையில் போராட்டக் கூட்டம். காலையிலேயே வானம் ஒரு மாதிரி இருந்தது. ராகேல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"இண்ணைக்குப் போவாதயும். காத்து சரியில்ல."

"உச்சைக்கு முந்தி வாறேன்" என்றேன். நடுப்பகலுக்குள் திரும்பிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

கூட்டம் தொடங்கும் முன்பே பந்தல் பறந்துவிட்டது. எல்லாரும் கிடைத்த இடத்தில் ஒதுங்கினோம். நான் நின்ற கடை வாசலில், கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அம்மா காலிக் கூடையோடு நனைந்து நின்றாள். என்னைத் தெரிந்தவள்.

"எலே மக்கா, நீ இங்கயா நிக்க? கடலு பொழி மணல்திட்டத் தாண்டி ஆத்துக்குள்ள ஏறியாச்சு. மேலயிருந்து ஆத்து வெள்ளமும் எறங்குது. ஒங்க ஊருல எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஓடுகாவ. கோயிலு தொறந்துதானே கெடக்கும்?"

மடியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு மழையில் இறங்கினேன்.

பஸ் இல்லை. ரோட்டில் தென்னைகள் குறுக்கே கிடந்தன. ஏறி இறங்கி ஓடினேன். ஓட முடியாத இடத்தில் நடந்தேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. எதிரே சட்டிபானையும் ஆடுமாக வந்தவர்களிடம் எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டேன். ஒருவரும் நின்று பதில் சொல்லவில்லை. தாழ்வான இடங்களில் தண்ணீர் முட்டளவு, பிறகு இடுப்பளவு. வாயில் பட்டபோது உப்புக் கரித்தது. அவ்வளவு உள்ளே கடல் வந்திருந்தது. ஒரு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தின் நடுவில் ஒரு கட்டுமரம் கிடந்தது. ஆள் இல்லை.

அங்கேதான் வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராகேல் இந்நேரம் மேட்டுக்குப் போயிருந்தால் பூட்டிய கதவின் முன்னால் நிற்பாள். போகாமல் இருந்தால் வீட்டோடு போயிருப்பாள். இரண்டில் எதை நம்புவது? எதற்காக ஜெபிப்பது? வாய்விட்டுக் கத்தினேன். "ஆண்டவரே, யாராவது அந்தப் பூட்டை உடைக்கட்டும். அந்தப் பக்கத்து ஆட்களாகவே இருக்கட்டும். உடைக்கட்டும்." போன ஞாயிறு அந்தப் பூட்டைக் காக்கச் சொல்லிக் கேட்ட அதே வாய். இந்த இரண்டு ஜெபத்தில் எதை அவர் கேட்பாரோ என்று நடுங்கினேன். பிரியமானவர்களே, ஜெபித்துவிட்டு நான் அப்படிப் பயந்தது அன்று மட்டும்தான்.

சாயங்காலத்துக்குச் சற்று முன்பு இந்த மேட்டில் ஏறினேன். கதவு பெயர்ந்து தரையில் கிடந்தது. பூட்டு அப்படியே அதில் தொங்கிக்கொண்டிருந்தது. தென்னந்தடியால் மோதி நிலையோடு பெயர்த்திருந்தார்கள். முன்வாசலின் ஓட்டுச் சாய்ப்புக் கூரை முழுவதும் இடிந்து குவிந்திருந்தது. அதன் ஓரத்தில் பாயால் மூடி யாரையோ கிடத்தியிருந்தார்கள். பாயைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே போனேன்.

ஊரே உள்ளே இருந்தது. பிரசங்க மேடையின் அடியில் ராகேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை பத்ரோஸின் மடியில் இருந்தது, அவருடைய தோர்த்துத் துண்டால் சுற்றி. நான் ஓடிப்போய் ஏதோ சத்தமாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னிடம் மலையாளத்தில் பேசினார்.

"ஒச்ச வைக்கண்டா சாறே. கொச்சு உறங்ஙுகயாணு."

குழந்தை உறங்குகிறது, சத்தம் போட வேண்டாம் என்றார். அவ்வளவுதான்.

ராகேல்தான் மெதுவாகச் சொன்னாள். பத்ரோஸ் முதலில் தன் மனைவி அன்னம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் வள்ளத்தில் கொண்டுவந்து மேட்டில் இறக்கியிருக்கிறார். பூட்டு இருப்பதால் அவர்கள் முன்வாசல் சாய்ப்பின் கீழே ஒண்டி நின்றிருக்கிறார்கள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, கூரைவரை தண்ணீர் ஏறும் முன்பு ராகேலையும் குழந்தையையும் ஏற்றியிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் காற்றில் சாய்ப்பு விழுந்துவிட்டது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். அன்னம்மா தப்பவில்லை. அவளை ஓடுகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கிடத்திவிட்டு, அதன்பிறகுதான் பத்ரோஸ் தடியைத் தூக்கியிருக்கிறார்.

"உள்ளே நின்னிருந்தா அவ இருப்பா" என்றாள் ராகேல். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

ஊரில் இன்னும் பலர் போனார்கள். கடலுக்குப் போன பிள்ளைகள் சிலர் திரும்பவே இல்லை. கிணறுகள் உப்பாகிவிட்டன. ஆலயத்துக்குள்ளேயே ஒரே பானையில் கஞ்சி காய்ச்சி எல்லாரும் குடித்தோம். அடக்கத்துக்குக் குழி தோண்டினால் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. அன்னம்மாவின் குழியருகே உபதேசியார் மலையாள வேதாகமத்தைத் திறந்தார். திறந்தவர் வாசிக்காமல் என் முகத்தைப் பார்த்தார். என்னிடம் அனுமதி கேட்டார், சபையாரே. சொந்த மனைவியின் குழியருகே பத்ரோஸ் நிற்க, என்னிடம். சரி என்று தலையசைத்தேன்.

அதற்குப் பிறகு நான் பாஷைக்காக யாரோடும் ஆலயத்துக்குள் சண்டை போட்டதில்லை. நான் மாறினவன்தான், அது பொய்யில்லை. ஆனால் சாட்சி சொல்லும்போது, கதவு பூட்டியிருந்தது, ஆண்டவர் ஒரு மனிதரை எழுப்பி அதைத் திறந்தார் என்று சொல்லுவேன். யார் பூட்டியது என்று சொல்லமாட்டேன். அன்னம்மாவைப் பற்றியும் சொல்லமாட்டேன். பத்ரோஸ் பல கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆமென் சொல்லுவார். ஒன்றும் கேட்கமாட்டார்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு போய்ப் பார்த்தேன். கட்டில் பக்கத்தில் முழங்கால்போட்டு, மன்னிக்க வேண்டும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. இருமலும் வந்தது.

"நான் அண்ணைக்கே மன்னிச்சாச்சு சாறே. இல்லாட்டி ஒம்ம கொச்ச மடியில வச்சிருக்க முடியுமா? ஒண்ணுதான் சங்கடம். ஓரோ கூட்டத்துலயும், இந்தத் தவண அன்னம்மா பேரச் சொல்லுவீரு, சொல்லுவீருன்னு நெனச்சுத்தான் வந்து இருந்தேன்."

அதன்பின் சில நாளில் அவரும் போய்விட்டார். சொல்லுகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்தும், இத்தனை வருஷம் நான் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம்.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று தோர்த்தில் உறங்கிய என் மகள் இப்போது பேரப்பிள்ளைகளோடு முன்வரிசையில் இருக்கிறாள். துன்பத்தில் இருக்கிறவர்களே, கேளுங்கள். தகுதி இல்லாதவன் கத்தினதையும் அவர் கேட்டார். உங்களையும் கேட்பார். உதவி வரும்போது அதைக் கொண்டுவருகிற கையை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தள்ளிவிட்ட கையாக அது இருக்கலாம்.

பத்ரோஸ், அன்னம்மா குடும்பத்தார் இங்கே இருக்கிறார்கள். நான் உட்கார்ந்ததும் எழுந்து, அவர்கள் அம்மச்சி அன்னம்மாவுக்காக மலையாளத்தில் ஜெபிக்க வேண்டும் என்று நேற்று வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டேன். சம்மதித்தார்கள். ஆமென் சொல்ல நான் காத்திருக்கிறேன்.