கடலைப் பூட்டிய பூதம்

என் மருமகள் எதற்கும் பதற மாட்டாள். அவள் பார்க்கும் வேலை அப்படி. ஆம்புலன்சுக்குப் போன் செய்கிறவர்களிடம் பேசும் அறையில், காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் யாராவது அலறுவார்கள். இவள் நிதானமாக, "எங்க இருக்கீங்க? உங்க முன்னாடி என்ன தெரியுது?" என்று கேட்பாள். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அதே குரல்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நான் கத்தினால் திருப்பி ஒரு கத்தாவது கத்த வேண்டாமா? இதை எழுதிக்கொண்டிருக்கும் என் மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும், சொன்னதை மாற்றாமல் எழுதட்டும்.

ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் அவளுக்கு வேலை கூடும். ஊர் சுற்றுகிற கூட்டம் விழுந்து அடிபடுவது அப்போதுதானே. போன வருஷம் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று மகளிடம் சொன்னாள், நடக்கவில்லை. இந்த வருஷம் பையைக் கட்டி வாசலில் வைத்த பிறகு போன் வந்தது. யாரோ வேலைக்கு வரவில்லையாம், லீவு ரத்து.

என் பேத்திக்கு ஆறு வயது. அழுவாள், புரளுவாள் என்று பார்த்தேன். அவள் பையைத் திறந்து, நீச்சல் உடையை எடுத்து, மடித்து அலமாரியில் வைத்தாள். அதோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தலைக்கு ரிப்பன் கட்டவேண்டும் என்றால்கூட என்னிடம் சொல்லி அனுப்பினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்யலாம், மடித்து வைக்கிற பிள்ளையை என்ன செய்ய?

மறுநாள் மத்தியானம் சமையலறைக்குள் போனால், மருமகள் மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோரைப்பல் பூதம் ஒன்று, ஒரு பெரிய கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் கடல். பக்கத்தில் ஒரு பகடை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, புள்ளைங்களுக்குச் சூதாட்டமா சொல்லித் தரப் போற?"

"சூது இல்ல அத்தை, கதை. நான் சொல்லிக்கிட்டே வந்து, நடுவுல நிறுத்தி, 'இப்ப என்ன பண்ணுவீங்க?'ன்னு கேப்பேன். அவங்க ஒண்ணு சொல்லுவாங்க. பகடையில நாலோ அதுக்கு மேலயோ விழுந்தா அது நடக்கும்."

பேத்தியின் சிநேகிதர்கள் மூன்று பேரை ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிட்டிருக்கிறாளாம். கடலுக்குப் போக முடியாததால் கடலை மேசைக்குக் கொண்டு வருகிறாள். சிநேகிதர்கள் உட்கார்ந்தால் மகளும் உட்காருவாள், விளையாட்டுச் சூட்டில் வாய் திறந்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா போதும் அத்தை" என்றாள், பால் பொங்கும்போது பேசுகிற அதே குரலில்.

"மொதல்ல நீங்க ஆடிப் பாருங்க" என்றாள் அடுத்து.

"நானா?"

"வர்ற புள்ளைங்களுக்கு எழுத்துக் கூட்டவே வராது. படத்தை வச்சே புரியணும். வேற யாரை வச்சுப் பாப்பேன்?"

அதுவும் சரிதான். இந்த வீட்டில் எழுத்து தெரியாத பெரிய மனுஷி நான் ஒருத்திதான். ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்ளலாம்: குடை, வாளி, டார்ச், துண்டு. நான் துண்டை எடுத்தேன்.

"கடல் வாசல்ல இந்தப் பூதம் காவல் நிக்குது. அதுக்கு லீவே கெடைச்சதில்ல. அந்தக் கடுப்புல கடலைப் பூட்டிருச்சு. சிரிக்க வச்சா சாவி தரும். இப்ப என்ன பண்ணுவீங்க?"

"துண்டை விரிச்சுப் படுத்துக்குவேன்."

"பூதத்துக்கு முன்னாடியேவா?"

"இடுப்பு வலிக்குது. அது பாட்டுக்கு நிக்கட்டும்."

பகடையை உருட்டினேன். ஐந்து. அவள் திருதிருவென்று விழித்தாள். "சரி, நல்லாத் தூங்கிட்டீங்க. அப்புறம்?"

"எழுந்து வீட்டுக்கு வந்துருவேன்."

"சரி... அப்புறம்?"

"ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லேம்மா!"

"சொல்லக் கூடாது அத்தை. ஆபீஸ்ல போன் பண்றவங்ககிட்ட அப்படிச் சொல்ல மாட்டோம். இங்கயும் அதான் விதி. 'சரி, அப்புறம்?'னு கேட்டுக்கிட்டே போகணும்."

அந்த விதி அவளையே வந்து பிடிக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மத்தியான டியூட்டி. சீருடையைப் போட்டுக்கொண்டுதான் கதை சொல்ல உட்கார்ந்தாள். வந்தவர்களில் ஒருவன் முன்பல் விழுந்த பொக்கைவாய். மற்ற இருவரும் இரட்டைப் பெண்கள், வாய் ஓயாதவர்கள். பேத்தி மேசைக் கோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பொக்கைவாய் பூதத்துக்கு முன்னால் ஆட்டம் போட்டான். இரண்டு விழுந்தது, பூதம் சிரிக்கவில்லை. இரட்டையர் குடையால் அதன் அக்குளில் குத்தினார்கள். மூன்று. மருமகள் பூதக் குரலில், "தொந்தரவு பண்ணாதீங்க, நான் டியூட்டியில இருக்கேன்" என்றாள். யோசித்துச் சொன்னது இல்லை. வீட்டிலிருந்து மகள் போன் செய்யும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

பேத்தியின் தலை வெடுக்கென்று திரும்பியது.

"சாவியைப் புடுங்கிட்டு, பூதத்தை அதோட ரூம்ல வச்சுப் பூட்டிருவேன். நாங்க மட்டும் கடலுக்குப் போவோம்."

அத்தனை நாள் கழித்து அம்மாவைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது. பகடையை வீசினாள். ஆறு.

எத்தனை அலறலைக் கேட்டவள் என் மருமகள்! அவள் முகம் வெளுத்து, வாய் திறந்தபடி நின்றது. "அப்புறம்? அப்புறம்?" என்று இரட்டையர் மேசையைத் தட்டினார்கள்.

"சரி" என்றாள். குரல் உடைந்திருந்தது. "பூதம் உள்ள. கடல் தொறந்தாச்சு. தண்ணி வந்து உங்க காலைத் தொடுது." விதி விதிதானே. அலையைச் சொன்னாள், நண்டைச் சொன்னாள், பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள். பேத்தி குதிக்கவில்லை.

"ரூம் உள்ள பூதம் என்ன பண்ணுது?" என்று கேட்டாள்.

"போன் அடிக்குது. எடுக்குது."

"போன்ல யாரு?"

"யாரோ மாடிப்படியில விழுந்தவங்க."

"எடுக்கலன்னா?"

"எடுக்கற வரைக்கும் காத்துக்கிட்டிருப்பாங்க."

பேத்தி பகடையைக் கையில் எடுத்தாள். "அப்ப நான் உள்ள போய் போனை எடுக்கறேன். பூதம் போய்க் குளிச்சிட்டு வரட்டும்" என்றாள். உருட்டினாள். இரண்டு.

எல்லார் முகமும் விழுந்துவிட்டது. பொக்கைவாய் எட்டி, யாரையும் கேட்காமல், ஒற்றை விரலால் பகடையைப் புரட்டி வைத்தான். "இப்ப அஞ்சு" என்றான். தாயத்தில் நான் ஒரு காயைத் திருட்டுத்தனமாக நகர்த்திவிட்டால், அதே நிதானக் குரலில் திரும்ப வைக்கச் சொல்கிறவள் என் மருமகள். "அஞ்சுதான்" என்றாள்.

பேத்தி கைமுட்டியைக் காதில் வைத்துக்கொண்டாள். "எங்க இருக்கீங்க? பயப்படாதீங்க. உங்க முன்னாடி என்ன தெரியுது?" அச்சு அசல் அவள் அம்மா குரல். ஒரு சொல் பிசகவில்லை. யாரும் சொல்லித் தந்ததில்லை.

மருமகள் எழுந்து விறுவிறுவென்று போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். குளியலறையில் தபதபவென்று தண்ணீர் கொட்டுகிற சத்தம். திரும்பி வந்து நின்றாளே ஒரு கோலம்! டியூட்டிச் சீருடையோடு, தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட, காலடியில் குளம்.

"பூதம் குளிச்சாச்சு" என்றாள்.

பேத்தி காதிலிருந்து கையை எடுக்காமல், "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று போனில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

"தண்ணி சில்லுன்னு இருந்துச்சாம்மா?"

மருமகள் தலையை ஆட்டினாள். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நான் துண்டு எடுக்க ஓடினேன். துவைத்துப் போட்டிருந்த இன்னொரு சீருடை காயவே இல்லை. ஈரத்தோடுதான் அன்றைக்கு பஸ் ஏறினாள்.