அப்பாவிடம் சொல்லாமல் விட்டது

தைவானில் குப்பையை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்த முடியாது. மாலையில் குப்பை வண்டியின் இசை கேட்டதும் தெருவே பையும் கையுமாக இறங்கி வரும். தைனான் நகரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பக்கத்து வீட்டு வெய்லிங்கோடு பழகியது அந்தக் காத்திருப்பில்தான். என் வயதுக்காரி, வயதான அப்பாவோடு இருக்கிறாள். ஒருநாள் அவர், தன்னைப் பார்த்துக்கொள்ளும் இந்தோனேசியப் பெண்ணைத் தெருவில் வைத்து ஏசினார். வெய்லிங் அவர் காதருகே குனிந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அதே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எங்கள் ஊரில் அப்பாவை எதிர்த்துப் பேச மாட்டோம்" என்றேன், என் அரைகுறைச் சீனத்தில், கொஞ்சம் பெருமையாகவே. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "அப்படியானால் அவர் தப்புச் செய்தால் சொல்ல ஆளே இல்லையா? பாவம்" என்றாள். சீன ஞானி கன்பூசியஸ் என்றால் பெரியவர்களுக்குப் பணிந்து போகச் சொன்னவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெற்றவர்கள் தவறினால் பதமாக எடுத்துச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் மரியாதை குறையாமல் மறுபடி சொல்ல வேண்டும் என்பதும் அவர் போதனைதானாம். வெய்லிங் விளக்கியபோது எனக்குச் சுருக்கென்றது.

கோவில்பட்டியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. என் தங்கை செல்வி, புதூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. அன்றிலிருந்து அவளுக்கு எங்கள் வீட்டு வாசல் கிடையாது. காய்கறி வாங்கப் போவதுபோலப் போய், அம்மா அவளைப் பேருந்து நிலையத்தில் வைத்துத்தான் பார்க்கிறாள். இப்போது செல்விக்கு நிறைமாதம். "நீயாவது ஒரு வார்த்த சொல்லுக்கா" என்று அவள் கேட்டபோதெல்லாம், "அப்பா மனசு நோகுமேட்டி" என்று தப்பித்தேன். உண்மையில் நான் நோகாமல் பார்த்துக்கொண்டது என்னைத்தான். 'என் மூத்தவ சொல்லு தட்டாதவ' என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

வெய்லிங்கோடு பேசிய அந்த வார ஞாயிற்றுக்கிழமை, அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன். "செல்விய நீங்க ஒதுக்குதது சரியில்லப்பா. உங்க மேல உள்ள பிரியத்துலதான் சொல்லுதேன்."

அப்பா போனை வைத்துவிட்டார். அடுத்த வாரமும் குரலை உயர்த்தாமல் சொன்னேன். இந்த முறை வைக்கவில்லை.

"ஏட்டி, நீ அங்கன இருந்து சொல்லிட்டுப் போயிருவ. இங்கன நாலு பேரு மூஞ்சில நான்லா முழிக்கணும்?"

இத்தனை நாள் பேசாமல் இருக்க வசதியாக இருந்த தூரம்தான் இப்போது நியாயம் பேசவும் வசதியாக இருக்கிறதா? வெய்லிங் அதே வீட்டில் இருந்துகொண்டு, அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்கிறாள்.

"அப்போ நான் வாரேன்ப்பா. அவ பிரசவத்துக்கு வாரேன். உங்க கூடவே கடைத் தெருவுல நடக்கேன்."

கடையில் யாரோ துவரம்பருப்பு கேட்கும் சத்தம் வந்தது. அவர் நிறுத்துப் போட்டு அனுப்பும்வரை காத்திருந்தேன். பிறகு கோபமில்லாமல் கேட்டார்: "வந்தா எங்கன தங்குவ? இங்கனயா, புதூர்லயா?"

டிக்கெட் எடுத்துவிட்டேன். "வீட்டுக்குத்தானே?" என்றாள் வெய்லிங். ஆமாம் என்று தலையாட்டினேன். விமான டிக்கெட் மதுரை வரைக்கும்தான்; அங்கிருந்து பஸ் கோவில்பட்டிக்கா, புதூருக்கா என்பது இன்னும் முடிவாகவில்லை.