சுண்ணாம்புப் பேணி

இந்தத் தகரப் பேணியின் மூடியைத் திறந்தால் இன்றைக்கும் விரல் நுனியில் வெள்ளை ஒட்டும். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அடித்தகரத்தின் மடிப்பில் இறுகிப்போன சுண்ணாம்பு இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை தேநீர்க் கடையில் ஒருவர் யுத்தகாலக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "ஜப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்குத் துறைமுகத்தில எங்கட ஆக்கள் ஒருத்தனும் நிக்கேல்லை. உடுப்புக் கழண்டதும் தெரியாமல் ஓட்டம்!" என்றார். கடையே சிரித்தது. நான் வழக்கம்போல வாய் திறக்காமல் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பேணியை எடுத்தேன். நாலு பேர் நடுவில் எனக்குக் கதை வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் எழுதத் தெரியும்.

பேணி எங்கள் தண்டயலுடையது. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரைக்குச் சாமான் இறக்கும் பெரிய வள்ளங்களில் ஒன்றுக்கு அவர் தலைவர். கிண்ணியா முஸ்லிம் ஆள். நான் சல்லியிலிருந்து வேலைக்குப் போனவன்; அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலைத்தளத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. அதில் ஆணிகள், ஆணிக்கொரு பித்தளை வில்லை, வில்லைக்கொரு இலக்கம். உள்ளே போகும்போது அவரவர் வில்லையை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியேறும்போது மாட்ட வேண்டும். வில்லை ஆணியில் தொங்கினால் ஆள் வெளியே. ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் உள்ளே. ஒருவனின் வில்லையை இன்னொருவன் தொட்டால் மறியலில் போட்டுவிடுவார்கள். ஆனால் வள்ளத்தில் வேலை செய்கிறவன் வில்லையை மடியில் வைத்தால் குனிகிற நேரம் கடலுக்குள் விழுந்துவிடும். அதனால் எங்கள் வில்லைகளைத் தண்டயல் தன்னுடைய பழைய சுண்ணாம்புப் பேணிக்குள் போட்டு வைப்பார். மாலையில் அவை வெள்ளை பூசிக்கொண்டு வெளியே வரும். சாரத்தில் துடைத்துவிட்டு மாட்டுவோம். துடைக்க மறந்தால் வாசல் கிளாக்கர், "வெத்திலை கொண்டு வாங்கோ, சுண்ணாம்பு என்னட்ட இருக்கு" என்று ஏசுவார்.

குண்டு விழுந்த காலை எங்கள் வள்ளத்தில் நாங்கள் இரண்டே பேர். மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. வள்ளம் நிறையப் பெற்றோல் பீப்பாக்கள். இறங்குதுறையில் கட்டியிருந்தோம். வானம் இரைந்தது. எங்களுடைய விமானங்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்துக் கப்பலில் நெருப்புப் பிடித்ததும் இறங்குதுறை முழுவதும் ஆட்கள் தாறுமாறாக ஓடினார்கள். தண்டயல் பேணியை என் நெஞ்சில் எறிந்தார். "ஓடு மகன்! நான் கயித்தை அவிழ்த்து வள்ளத்தைத் தள்ளிப்போட்டு வாறன். இது இங்க கிடந்து வெடிச்சா இவ்வளவு பேரும் சாம்பல்" என்றார். நான் ஓடினேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவர் வள்ளத்துக்குள் நின்று நீண்ட கம்பால் கரையை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். வள்ளத்துக்கும் கரைக்கும் இடையில் தண்ணீர் அகன்றது. பிறகு நான் பார்க்கவில்லை. சல்லி வரைக்கும் நிற்கவேயில்லை.

நாலாம் நாள், திரும்பி வருகிறவர்களுக்குத் தண்டனை இல்லை என்று பறையடித்தார்கள். போனேன். வாசலில் ஆட்கள் நெருக்கினார்கள். பேணியிலிருந்து என் வில்லையை எடுத்துத் துடைத்துக் காட்டினேன். தண்டயலின் வில்லையை என்ன செய்வது? அவர் எங்கேயாவது கரையேறியிருப்பார், வந்து தேடினால் இருக்கட்டும் என்று, ஒருவரும் பார்க்காத நேரம் அவருடைய ஆணியில் மாட்டிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த வாரமே வாசலில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். எல்லாம் இங்கிலீஷ். வேலையைக் கைவிட்டு ஓடியவர்களின் பெயர்கள் என்றார்கள். முதல் பெயர் தண்டயலுடையது. பெற்றோல் வள்ளத்தைக் கட்டாமல் அலைய விட்டுவிட்டு ஓடினாராம், அது துறைமுக நடுவில் வெடித்ததாம். அவருடைய வில்லை ஆணியில் தொங்கியதுதான் சாட்சி. அன்றைக்குத் துரைமாரும் மலைப்பக்கம் ஓடியதை நான் என் கண்ணால் கண்டவன். அவர்களுடைய பெயர்களை எந்தக் கடதாசியிலும் நான் காணவில்லை.

தண்டயலின் அக்காவை நாங்கள் எல்லோரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். கணவன் இல்லாதவர். இறங்குதுறைக்குப் போகும் வழியில் ஆப்பம் சுட்டு விற்பார். கடதாசி ஒட்டிய மறுநாள் அடுப்புக்கரித் துண்டோடு வந்து, ஒருவனைக் கொண்டு தம்பியின் பெயர் எது என்று காட்டச் சொல்லி, அதன்மேல் கரியால் பூசினார். கிளாக்கர் வேறு கடதாசி ஒட்டினார். அடுத்த நாள் அதற்கும் கரி.

"ராத்தா, இது அரசாங்கக் கடதாசி. அழிச்சா மறியல்."

"அப்ப என்னைப் பிடிச்சுக் குடுங்க. மறியல்லயும் சோறாக்கத்தானே வேணும்? அங்கயும் கரி இரிக்கும்."

கரி பூசுவது கோபத்துக்காக மட்டும் அல்ல. தண்டயலின் பெண்சாதி வீட்டில் இருந்தார். கணவன் மௌத்தாகி, இறந்துபோயிருந்தால் அவர் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருக்க வேண்டும். ஓடிப்போயிருந்தால் அவர் இன்னும் மனைவி. செய்தி நிச்சயமில்லாமல் இத்தாவில் இருக்கச் சொல்ல முடியாது என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் அழவும் முடியாமல், வாசலைப் பார்ப்பதை நிறுத்தவும் முடியாமல் இருந்தார். "அவள் ஆருக்காகக் காத்திரிக்கிறது? அதை மட்டும் சொல்லுங்க" என்று ராத்தா வருகிற போகிற எல்லோரையும் கேட்டார். நானும் அவருடைய ஆப்பத்தை வாங்கித் தின்றபடி தலையைக் குனிந்துகொண்டு போனேன். வில்லையை மாட்டியது நான் என்றால் மறியல். அதைவிடப் பெரிய வெட்கம், அவரை விட்டுவிட்டு ஓடியவன் நான் என்று சொல்ல வேண்டி வருமே என்பது.

கடதாசி ஒட்டிய ஒன்பதாம் நாள் கிளாக்கருக்குப் பொறுமை போய்விட்டது. வில்லையை ஆணியிலிருந்து கழற்றி ராத்தாவின் கையில் வைத்தார். "இந்தாங்கோ, உங்கட கண்ணாலேயே பாருங்கோ. வெளியில போகாதவனுக்கு வில்லை எப்படி இங்க வந்தது?" ராத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலக்கத்தின் பள்ளத்தில் வெள்ளை. விரலால் தேய்த்து நாக்கில் வைத்தார். பிறகு அதைக் கிளாக்கரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்ற எங்களைப் பார்த்து, சத்தம் போடாமல், "இது பேணிக்குள்ள இருந்து வந்த வில்லை. என்ட தம்பி துடைக்காம மாட்ட மாட்டான். பேணி ஆரிட்ட இரிக்கி?" என்று கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

அன்று பின்னேரம் அவர் சல்லிக்கு நடந்தே வந்தார். தண்டயலோடு அந்தக் காலை வேலைக்கு வந்தது யார் என்று விசாரிக்க அவருக்கு அரைநாள் போதுமாக இருந்தது. எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். பேணி கூரை இறப்பில் செருகியிருந்தது. அவர் அதைக் கண்டார். கண்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. "மகன், நான் களவு பிடிக்க வரல்ல. அவன் கடைசியா எங்க நிண்டான்? ஓடினானா, நிண்டானா?" நான் சொன்னேன். கம்பு, தண்ணீர் அகன்றது, அவர் சொன்ன வார்த்தை, எல்லாம். அவர் அழவில்லை. "அப்ப வள்ளம் தானா அலையல்ல. அவன் தள்ளிக்கொண்டு போயிரிக்கான்" என்றார். பிறகு, "நாளைக்கு ஓர்ஸ் ஹில்ல இரிக்கிற துரைட கந்தோருக்கு வரணும்" என்றார்.

"எனக்குத் துரைக்கு முன்னால கதைக்க ஏலாது, ராத்தா."

"கதைக்க ஏலாட்டி நில்லுங்க. பேணியைக் கையில வெச்சுக்கொண்டு நில்லுங்க. மிச்சத்தை நான் கதைக்கிறன்."

கந்தோரில் துரைக்கு முன்னால் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஒருவரும் இருக்கச் சொல்லாமலே ராத்தா அதில் இருந்தார். அங்கே கூப்பிட்டு நிறுத்தியிருந்த வாசல் கிளாக்கரிடம் வில்லையைக் கேட்டு வாங்கிப் பேணிக்குள் போட்டு, மூடிக் குலுக்கித் துரையின் மேசையில் கவிழ்த்தார். கறுத்த மேசையில் வெள்ளைத் தூள் சிந்தியது. துரை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மாட்டியது நீயா என்று கிளாக்கர் தமிழில் சொன்னார். "ஓம். நான்தான் மாட்டினனான். நான் ஓடினனான். அவர் ஓடேல்லை" என்றேன். நாலு பேர் முன்னால் நான் அதுவரை பேசியதில் அதுதான் மிக நீளமான பேச்சு. துரை கொஞ்சம் யோசித்து, காணாமல் போனவர் என்று மாற்றி எழுதலாம் என்றார். ராத்தா எழும்பவில்லை. "காணாமப் போகல்ல. கண்டவன் இந்தா நிக்கிறான். கடமையில மௌத்து எண்டு எழுதச் சொல்லுங்க." அவர் இருந்தார். மத்தியானம் துரை சாப்பிடப் போனார், திரும்பி வந்தார். ராத்தா அதே கதிரையில் இருந்தார். பின்னேரம் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவனின் வில்லையைத் தொட்டதற்காக என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு நான் அந்த வாசலுக்குள் போனதே இல்லை. அதற்காக ஒருநாளும் கவலைப்பட்டதும் இல்லை.

ஆனால் வாசலில் ஒட்டிய கடதாசியைக் கிழித்தார்களே தவிர, புதிதாக ஒன்றும் ஒட்டவில்லை. ஓடினான் என்று நூறு பேருக்குக் காட்டியவர்கள் ஓடவில்லை என்பதை ஒரு கோப்புக்குள் வைத்து மூடினார்கள். அடுத்த நாள் காலை, எல்லோரும் வேலைக்கு வரிசையில் நிற்கும் நேரம், ராத்தா கரித்துண்டை என் கையில் தந்தார். "உங்களுக்கு எழுதத் தெரியும்தானே, மகன். எல்லாருக்கும் விளங்கத் தமிழ்ல எழுதுங்க." வாசல் மதிலில் என் ஐந்தாம் வகுப்பு எழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம் இருக்க எழுதினேன்: தண்டயல் ஓடவில்லை. வரிசையில் நின்ற ஒருவன் அதை உரத்து வாசித்தான். பின்னால் நின்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கிளாக்கர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கே தண்டயலின் பெண்சாதி வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தார்.

மதிலுக்கு வெள்ளை அடித்தார்கள். மழைக்கு அது கழுவுண்டு போக, எழுத்துத் திரும்பத் தெரிந்தது. திரும்பவும் அடித்தார்கள். ராத்தா மௌத்தாகிப் பல வருடங்கள். கந்தோருக்குப் போன நாளிலிருந்து தன்னிடம் வைத்திருந்த பேணியை, போகுமுன் என்னிடமே தந்துவிட்டார். "நீங்க வெச்சிரிங்க. தேவைப்படும்" என்றார். எதற்கென்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

இப்போது பேணி எனக்கு முன்னால் திறந்திருக்கிறது. விரலில் வெள்ளை. நாளைக் காலை இதையும் இந்தக் கடதாசியையும் கொண்டு அந்தத் தேநீர்க் கடைக்குப் போகப்போகிறேன். சிரித்தவர்களுக்கு நடுவில் மேசைமேல் வைப்பேன். கதைக்க ஏலாவிட்டால் நிற்பேன்.